ஊசி உடைந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்?

ஆடைத் தொழிற்சாலையின் தையல் லைனில் நல்ல சூப்பர்வைசரை அடையாளம் காண எளிய வழி: ஊசி உடைந்த செய்தி எவ்வளவு சீக்கிரம் அவர் காதுக்கு வருகிறது என்று பாருங்கள்.

ஏற்றுமதி யூனிட்களில் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மெஷினில் இருக்கும் பீஸ்களை ஒதுக்கி, மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். நேரம் போகத்தான் செய்யும். 'டார்கெட் போச்சே' என்று அங்கேயே கத்தினால் அடுத்த முறை டெய்லர் மறைப்பார். துண்டு துணிக்குள் போய் பேக்கிங்கில் மாட்டும். அப்போது பிரித்துப் பார்க்க வேண்டியது ஒரு பண்டல் அல்ல, முழு லாட்.

ஆகவே முதல் கேள்வி 'கையில குத்திடுச்சா?' என்றிருக்கட்டும். அடுத்து துண்டுகள். காரணம் கடைசியில்: தடித்த மடிப்பா, துணிக்குப் பொருந்தாத ஊசி எண்ணா, துணியைக் கையால் இழுத்துத் தைத்தாரா? முதல் இரண்டும் டெய்லர் தவறே அல்ல. அதே மெஷினில் மறுபடி உடைந்தால் ஆளை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஊசிக்குக் கீழே நூலைப் பிடிக்கும் ஹூக் அல்லது லூப்பர், ஊசியோடு சேரும் டைமிங் விலகியிருக்கலாம்.

குறைந்த பீஸ் கணக்கை, காரணத்தோடு, மணிக்கு மணி உற்பத்தி எழுதும் பலகையில் நீங்களே எழுதுங்கள். மேலாளர் கேட்டால் பதில் உங்களுடையது. டெய்லர் பெயர் அங்கே வேண்டாம். மறைத்தவரிடம் பேச வேண்டியிருந்தால் ஷிப்ட் முடிந்து, தனியாக.