ஓட்டை போட்ட கிட்டாரும் சாரல் காலமும்: சிக்னேச்சர் மாடல் வாங்குகிறவர்களுக்கு

கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஓட்டை விழுந்த சாமானையா இம்புட்டுக் காசு குடுத்து வாங்கிட்டு வந்த?" என்றுதான். ஐபனெஸ் கம்பெனியின் ஜெம் ஜூனியர் எலெக்ட்ரிக் கிட்டார் அது. ஸ்டீவ் வை என்ற கிட்டார் கலைஞருக்காக 1987ல் வந்த ஜெம் மாடலின் விலை குறைந்த தம்பி. உடம்பில் கைவிட்டுத் தூக்குவதற்கு ஒரு பிடி வெட்டியிருப்பார்கள், அதைத்தான் அம்மா ஓட்டை என்றார். அந்தப் பிடி அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது, செங்கோட்டையில் இருக்கிற எனக்கு எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. சிக்னேச்சர் மாடல் என்றாலே இதுதான். ஒரு வித்வான் தன் கைக்கும் தன் கிறுக்குக்கும் ஏற்றபடி கேட்டு வாங்கிய விசேஷங்களை நாம் மொத்தமாக விலைக்கு எடுக்கிறோம். ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பராமரிப்பு வேலை கூடவே வரும், அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

கிப்ஸன் கம்பெனி 1952ல் லெஸ் பால் பெயரில் கிட்டார் விட்டபோது அவர் உயிரோடு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். இன்று பலர் அது ஒரு ஆளின் பெயர் என்பதையே மறந்துவிட்டார்கள். ஃபெண்டர் கம்பெனி 1988ல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலைப் போட்டது. அதன் உள்ளே நடு அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும் சர்க்யூட் உண்டு, அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும், ஆகவே பேட்டரியைக் கவனிப்பது உங்கள் பாடு. இங்வே மால்ம்ஸ்டீன் என்ற கலைஞரின் மாடலில் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள்) இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். வீணையில் மெட்டுகளுக்கு நடுவே கம்பியை அழுத்தினால் ஸ்வரம் ஏறுமே, அதே கதைதான், கை கனமானவர் வாசித்தால் கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) முழுக்கச் சுருதி விலகும். ஆக, வாங்குவதற்கு முன்னால் "யார் பெயர்" என்று பார்ப்பதைவிட "அவர் என்னென்ன கேட்டு வாங்கியிருக்கிறார், அதெல்லாம் எனக்கு ஒத்துவருமா" என்று பார்ப்பது நல்லது. ரசிகராக வாங்கிச் சுவரில் மாட்டுவதும் தப்பில்லை, ஆனால் அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

பழசு வாங்கினால் போலியா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் பெற்ற மாடல்களுக்குத்தான் போலி அதிகம். அசல் கிப்ஸன் லெஸ் பாலில் தலைப்பகுதியில் இருக்கும் ட்ரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) மூடியை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும், போலிகளில் பெரும்பாலும் மூன்று. சீரியல் எண், பின்மூடியைக் கழற்றினால் தெரியும் வயரிங், பிரிட்ஜின் (உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) உலோகம், இந்த மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்கிறவர் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். கையால் போட்ட கையெழுத்து இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால் நான் அதற்குக் காசு கொடுக்கமாட்டேன். பெரும்பாலும் அச்சிட்டு வார்னிஷுக்கு அடியில் வைத்ததாகத்தான் இருக்கும். உண்மையிலேயே மார்க்கரால் போட்டதாக இருந்தால் அந்த இடத்தில் பாலிஷ் துணி படக்கூடாது, அவ்வளவுதான்.

இனி ஊர் விஷயம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்களுக்குச் சாரல். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சுகம், மரச் சாமானுக்கு வேதனை. வீட்டில் வைத்திருக்கிற ஈரப்பதமானி சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55. அப்புறம் மார்ச், ஏப்ரலில் நேர்மாறாக வறண்டு கிடக்கும். ஈரம் குடித்தால் கழுத்து முன்னால் வளைந்து கம்பி உயரும், காய்ந்தால் பின்னால் போகும், ஃப்ரெட்டின் ஓரங்கள் நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். அதனால் இந்தப் பக்கம் வருஷத்துக்கு இரண்டு தடவை, சாரல் பிடித்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, வெயில் ஏறியதும் ஒருமுறை, கழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

பார்ப்பது லேசு. சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதிகமிருந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று, இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள், ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ராடைத் திருப்பும் சாவி விஷயத்தில் ஒன்று: அமெரிக்க கிட்டார்களில் பெரும்பாலும் அங்குல அளவு, ஜப்பானியக் கம்பெனிகளில் மில்லிமீட்டர். "ஏறக்குறைய சேருது அண்ணாச்சி" என்று பட்டறையில் கொடுக்கிற சாவியைத் திணித்தால் நட்டின் முனை உருண்டுவிடும், பிறகு அதைச் சரிசெய்யும் செலவில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரே வாங்கலாம்.

என் கிட்டாரில் உண்மையான தலைவலி மிதக்கும் ட்ரெமலோ, அதாவது பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு. பிரிட்ஜ் இரண்டு தூண்களில் கத்திமுனை போலச் சாய்ந்து நிற்கிறது. மேலே கம்பிகள் ஒரு பக்கம் இழுக்கின்றன, பின்னால் குழியில் இருக்கும் ஸ்ப்ரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. தராசு மாதிரி நிற்கிற இந்தச் சமநிலைதான் எல்லாம். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் கொஞ்சம் இறங்கும். இது புரியாமல் ட்யூனரோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு கிட்டாரையே விற்றவர்களை எனக்குத் தெரியும்.

நானும் பட்டேன். எங்கள் குழுவுக்கு இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர் என்று கல்யாண வீட்டுக் கச்சேரி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கோவில் திருவிழாக் கானமேளா, நம் மெல்லிசைக் கச்சேரி மாதிரி. புனலூருக்குப் பக்கத்தில் ஒரு கானமேளாவில் மூன்றாவது பாட்டில் மெல்லிய கம்பி அறுந்தது. சாதாரணக் கிட்டாராக இருந்தால் மற்ற ஐந்தை வைத்துச் சமாளித்திருக்கலாம். இதில் கம்பிகளின் இழுவை குறைந்ததும் ஸ்ப்ரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்துவிட்டது, மிச்சக் கம்பிகள் அத்தனையும் ஏறிப்போயின. பாடுகிறவர் திரும்பி, "சேட்டா, ஸ்ருதி!" என்றார். பாட்டு முடியும்வரை வாசிக்கிற மாதிரி கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து நிலையான பிரிட்ஜ் உள்ள ஒரு சாதாக் கிட்டார் மேடையில் எப்போதும் பக்கத்தில் இருக்கும். பாடகர் திடீரென்று "அரைக்கட்டை இறக்கிக்கலாம்" என்றாலும் அதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் மிதக்கும் பிரிட்ஜில் நின்ற இடத்தில் அரைக்கட்டை இறக்குவது நடக்காத காரியம்.

கம்பி மாற்றும் முறை இது. முதலில் பிரிட்ஜின் வால்பக்கத்துக்கு அடியில் பழைய வேட்டித் துணியை நன்றாக மடித்துத் திணியுங்கள், ஸ்ப்ரிங் இழுத்தாலும் பிரிட்ஜ் உட்காராது, பெயிண்டும் கீறாது. கழுத்தின் நுனியில் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள், பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ சேரும். எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஃப்ரெட்போர்டைத் துடைக்கவேண்டும் என்றால் மட்டும் மொத்தமாகக் கழற்றலாம். புதுக் கம்பியின் உருண்டை முனையை வெட்டிவிட்டு, வெட்டிய நுனியைச் சேடிலுக்குள் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் பாகம்) வைத்து இறுக்கவேண்டும். கைக்கு இறுகியது தெரிந்ததும் நிறுத்துங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் சின்னக் கட்டை விரிசல் விடும். பிரிட்ஜில் உள்ள நுண் ட்யூனர்களை நடுவில் நிறுத்திவிட்டுத் தலைப்பகுதியில் சுருதி சேருங்கள், கம்பியை விரலால் இழுத்து நீட்டுங்கள், மறுபடி சேருங்கள். மூன்று நான்கு சுற்று ஆகும். துணியை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று. கம்பி இனி இறங்காது என்று நிச்சயமான பிறகுதான் நட்டைப் பூட்டவேண்டும். அவசரப்பட்டு முன்பே பூட்டினால் மேடையில் நுண் ட்யூனரின் திருகு தீர்ந்துபோய் முழித்துக்கொண்டு நிற்பீர்கள்.

எல்லாம் சேர்ந்தபின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பிரிட்ஜ் உடம்புக்குச் சமதளமாக இருக்கவேண்டும். வால் தூக்கிக்கொண்டிருந்தால் ஸ்ப்ரிங் போதவில்லை, பின்மூடியைத் திறந்து ஸ்ப்ரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் சமமாக அரைச் சுற்று உள்ளே திருப்புங்கள். வால் அமிழ்ந்திருந்தால் வெளியே. திரும்பச் சுருதி, திரும்பக் குனிந்து பார்ப்பது. கிட்டார் 009 கம்பியோடு (மெல்லிய கம்பியின் தடிமன் அங்குலத்தில்) வந்திருந்தால் அதிலேயே இருங்கள், 010க்கு மாறினால் இந்தச் சமநிலை வேலை முழுக்க முதலிலிருந்து. பிரிட்ஜின் உயரத்தை மாற்றவேண்டுமானால் கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் தூண்களைத் திருப்புங்கள். இறுக்கத்தோடு திருப்பினால் கத்திமுனை மழுங்கும், மழுங்கினால் வாமி பாரை (ட்ரெமலோவை ஆட்டும் கைப்பிடி) அழுத்தி விட்டதும் சுருதி பழைய இடத்துக்கு வராது. முனை உட்காரும் இடத்தில் வாஸலின் ஒரு பொட்டு போதும்.

கம்பியின் உயரம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய கம்பிக்கு 1.5, தடித்ததற்கு 2 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். அந்த வித்வான் எவ்வளவு தாழ்வாக வைத்துக்கொள்கிறார் என்பது நமக்கு வேண்டாத விஷயம். அப்புறம் பன்னிரண்டில் ஹார்மானிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளவேண்டும், ஒவ்வொரு தள்ளலுக்கும் அந்தக் கம்பியைத் தளர்த்தவேண்டும், பொறுமை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போடுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். திருவிழா மேடையில் ஜெனரேட்டர், ஒழுங்கான எர்த் கிடையாது. ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் பட்டால் ஷாக் அடிக்கும், உயிரையே எடுக்கவும் கூடும். மேடை ஏறியதும் கம்பியிலும் மைக்கின் தலையிலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். எரிந்தால் சரிசெய்யும்வரை கிட்டாரை மாட்டமாட்டேன், கமிட்டிக்காரர் முறைத்தாலும் சரி. ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது 120 வோல்ட் ஆம்ப் கொண்டுவந்து கொடுத்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே செருகக்கூடாது. வளைகுடாவிலிருந்து வருவது பெரும்பாலும் நம் 230க்கு ஒத்துப்போகும், ஆனாலும் பின்னால் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள். கம்பியைத் தொட்டதும் ஸ்பீக்கரில் வரும் ஹம் என்ற ரீங்காரம் குறைந்தால் கிட்டாரின் உள் எர்த் சரி, தொட்டதும் கூடினால் எங்கோ கோளாறு. வால்யூம் திருகு கரகரத்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் க்ளீனர், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே அல்ல. பேட்டரி உள்ள மாடலில் பெரும்பாலும் கேபிளைச் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள்.

துடைப்பது பெரிய வித்தை இல்லை. வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியையும் பிரிட்ஜையும் துடைத்தால் துரு பாதி குறையும். ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்கென்று விற்கும் எண்ணெய் நாலு சொட்டு. இந்திய ரோஸ்வுட் என்பது வேறொன்றுமில்லை, நம் மலையில் நிற்கிற ஈட்டி மரம்தான். அதற்காக வீட்டில் இருக்கிற தேங்காயெண்ணெயைத் தடவிவிடாதீர்கள், பிசுக்கும் எறும்பும்தான் மிஞ்சும். வார்னிஷ் போட்ட மேப்பிளுக்கு எண்ணெயே வேண்டாம். நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) பூச்சு உள்ள கிட்டாரை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நாள்கணக்கில் விட்டால் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும், நடுவே துணி சுற்றுங்கள். கேஸுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும், அந்த வாணலியை அப்புறம் சமையலுக்குக் கொடுக்காதீர்கள். கேஸைத் தரையில் சுவரோரம் வைக்கவேண்டாம். இங்கே கரையானுக்கு பிராண்ட் பெயரெல்லாம் தெரியாது.

மலையைத் தாண்டும்போது ஜீப் டாப்பில் கட்டுவதைவிட ரயிலே மேல். கொல்லம் பாதை 2018ல் அகலப்பாதையாகத் திறந்தபிறகு நான் மேல்தட்டில் கேஸைப் படுக்கவைத்துக்கொண்டு போகிறேன். போய் இறங்கியதும் உடனே திறக்காமல் கொஞ்சநேரம் அந்த ஊர்க் காற்றுக்குப் பழகவிடுவேன்.

கடைசியாகப் பாகம் மாற்றுவது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள், உங்கள் கிட்டார்தான். ஆனால் சிக்னேச்சர் மாடலை வாங்குகிறவர் எல்லாம் அசலாக இருக்கிறதா என்றுதான் கேட்பார், ஆகவே கழற்றியதை எறியாதீர்கள். என்னுடையவை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன: இரண்டு ஸ்ப்ரிங், பின்மூடி, ஒரு பிக்கப், வாங்கிய ரசீது. டப்பாவின் மேல் அம்மா, தையல் சாமானோடு கலந்துவிடக்கூடாது என்று, "ஓட்டை கிட்டார்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.