வெல்டிங், கடைசல் தொழில்: கையை எந்த வரிசையில் பழக்குவது

வெல்டிங்கும், உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத் வேலையும் ஒரே பட்டறைக்குள் நடந்தாலும், இரண்டும் கேட்கும் இயல்பு வேறு. வெல்டர், உருகி நகரும் உலோகக் குட்டையைப் பார்த்து அந்த நொடியிலேயே கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். லேத்தில் நிற்கும் டர்னரோ, இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பே எந்த முகத்தை முதலில் கடைவது, ஜாபை, அதாவது கடையப்படும் துண்டை, எங்கே பிடிப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். முதல் ஆண்டில் இவற்றில் ஒன்றை முழுமையாகவும் மற்றொன்றை அறிமுக அளவிலும் கற்பது நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரைபடம் படிப்பது, அளவெடுப்பது, அரம் பிடிப்பது ஆகிய மூன்றையும் தாண்டிச் செல்ல முடியாது.

அளவெடுப்பதைப் பெரும்பாலோர் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள், அது தவறு. வழக்கமான வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரையும், சாதாரண மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரையும் காட்டும் என்பதை மனப்பாடம் செய்வது எளிது. ஒரே தண்டைப் பத்து முறை அளந்து, பத்து முறையும் ஒரே எண் வருகிறதா என்று பார்த்தால்தான் கை எவ்வளவு அழுத்துகிறது என்பது புரியும். மைக்ரோமீட்டரில், அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ராட்செட் என்ற திருகு இருப்பதும் அதற்காகத்தான். கடைந்த சூட்டோடு ஜாபை அளக்கவும் கூடாது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.024 மில்லிமீட்டர் பெருக்கும்; சூட்டில் சரியாக இருந்த அளவு, ஆறிய பிறகு குறைந்துவிடும்.

லேத்தில் வேகத்தைக் கணக்கிட்டே வைக்க வேண்டும். வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, அதை விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் 50 மில்லிமீட்டர் மென் எஃகை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் கடைய விரும்பினால், விடை சுமார் 160 சுற்று. ஜாபைப் பிடிக்கும் சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டுக் கையை எடுப்பதில்லை என்ற பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறை அணியக் கூடாது; சுருளாக வரும் பிசிறைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும். கணினி ஆணைப்படி ஓடும் சிஎன்சி இயந்திரத்துக்கு இதற்குப் பிறகு போகலாம். ஜி00 என்ற ஆணை விரைவு நகர்வு, ஜி01 வெட்டு நகர்வு என்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம்; ஆனால் டூல் மழுங்கும்போது வரும் கீச்சொலியை அடையாளம் காணும் காது, கை லேத்தில் நின்றவருக்கு விரைவில் வாய்க்கும்.

வெல்டிங்கை, உருகும் ராடைக் கையால் பிடித்து மின்பொறியால் பற்றவைக்கும் ஆர்க் முறையில் தொடங்குவதே என் பரிந்துரை. மிக் வெல்டிங்கில் கம்பி தானாக வந்துகொண்டிருப்பதால் பீட், அதாவது உருகி உறைந்த பற்றுவரி, விரைவில் அழகாகத் தெரியும். உள்ளே இணைந்ததா என்பது வேறு கேள்வி. 6 மில்லிமீட்டர் தகட்டையும் 3.15 மில்லிமீட்டர் இ6013 வகை ராடையும் எடுத்து, ராடு பெட்டியில் அச்சிட்ட மின்னோட்ட வரம்பின் நடுவில் தொடங்குங்கள். ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடையே ராடின் தடிமன் அளவே இடைவெளி இருக்கட்டும். கண் ஒளியைப் பார்க்காமல் அதன் பின்னால் ஓடும் குட்டையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். கை வேகமாக ஓடினால் பீட் ஒடுங்கி, அலைகள் கூர்முனையாகும். தயங்கினால் அது அகன்று குவியும். மின்னோட்டம் மிகுந்தால் ஓரத்தில் பள்ளம் விழும். பீடின் மேல் படியும் கசடைத் தட்டி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யாமல் அடுத்த பீட் போடாதீர்கள். டி வடிவ மூட்டை ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, சுத்தியலால் மடக்கி உடைத்துப் பாருங்கள். மூட்டின் அடியில் சிக்கிய கசடும், உருகாமல் நின்ற மூலையும் தாமே வெளியே தெரியும். என் கணிப்பில், நூறு பீட் போடுவதைவிடப் பத்தை உடைத்துப் பார்ப்பது கூடுதலாகக் கற்றுத்தரும்.

படுக்கை நிலை கைவந்த பிறகு செங்குத்து, தலைக்கு மேல் நிலை என்று ஏறி, கடைசியில் 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைப் பற்றவைக்கும் 6ஜி நிலைக்கு வாருங்கள். இ7018 போன்ற குறை ஹைட்ரஜன் ராடுகள் ஈரம் இழுத்தால் மூட்டில் விரிசல் வரலாம் என்பதால், அவற்றைச் சூடான அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். ஆர்க் வேலைக்கு முகமூடியில் 10 அல்லது 11 எண் இருட்டுக் கண்ணாடி பொருந்தும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சல் வரவழைக்கும். பூச்சை முன்பே அகற்றிவிட்டு, புகை வெளியேறும் இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வை எண்ணெய்க் கையால் தொடவே கூடாது.

பயிற்சி முடித்த சான்றிதழும் வெல்டர் தகுதித் தேர்வும் ஒன்றல்ல. ஐஎஸ்ஓ 9606-1, ஏஎஸ்எம்இ பிரிவு 9 ஆகிய தரநெறிகளின்படி நடக்கும் தேர்வில், பற்றவைத்த மாதிரியை வளைத்தோ கதிர்ப்படம் எடுத்தோ சோதிப்பார்கள். அதில் பெறும் தகுதி குறிப்பிட்ட முறைக்கும், தடிமன் வரம்புக்கும், நிலைக்கும் மட்டுமே பொருந்தும். அந்த முறையில் ஆறு மாதம் வேலை செய்யாவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும் என்பதால், செய்த வேலையைத் தேதியோடு பதிவேட்டில் குறித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள்.