இருபது ரூபாய் முத்திரைத்தாளில் மணமுறிவு ஆகாது: குடும்ப வழக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடித்து மடித்து நைந்துபோன ஓர் இருபது ரூபாய் முத்திரைத்தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அந்தப் பெண் வந்திருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட, "இனி ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிடுவதில்லை" என்று அவரும் கணவரும் எழுதிக்கொண்ட தாள். கீழே நோட்டரியின் முத்திரை. அதை நம்பி மறுமணமும் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் அரசு ஊழியர். பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போன இடத்தில், முதல் திருமணத்தை முறித்த நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேட்டார்கள். அவரிடம் அந்தத் தாள் மட்டும்தான் இருந்தது.

வழக்கறிஞராக நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். இந்து திருமணச் சட்டம், 1955இன்படி மணமுறிவு தருவது நீதிமன்றம். சில சமூகங்களில் ஊர் முன்னிலையில் மணத்தை முறித்து அத்துவிடும் வழக்கம் உண்டு. 29ஆம் பிரிவு அதை ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருவதைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். நாலு பெரியவர்கள் சொன்னார்கள் என்பது போதாது. முறிவு செல்லாது என்றால் மறுமணமும் செல்லாது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றமும்கூட. ஒரே ஆறுதல், அந்த மணத்தில் பிறந்த குழந்தைக்கு 16ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பெண்ணின் மகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மனைவி என்ற தகுதி இல்லை. இதை அவரிடம் சொல்வதற்கு எனக்கு வெகுநேரம் ஆனது.

இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால் அதே சட்டத்தின் 13பி பிரிவில் வழி இருக்கிறது. ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது தனித்து வாழ்ந்ததுதான். மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து மீண்டும் சம்மதம் சொல்ல வேண்டும். சமரசத்துக்கு வழியே இல்லாத வழக்குகளில் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. முதல் மனுவில் கையெழுத்திட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி அடுத்த வரன் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஆனால் தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நகை, சீர்வரிசை, ஜீவனாம்சம், குழந்தையின் படிப்புச் செலவு எல்லாவற்றையும் தேதியோடும் தொகையோடும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். "எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்" என்று கையெழுத்துப் போடும் பெண்களைத் தடுத்து நிறுத்த நான் படும் பாடு கொஞ்சமல்ல. தன் ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று சொல்லலாம். குழந்தைக்கு உரியதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமை இல்லை.

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது இன்னொரு தவறு. வாங்காவிட்டால் வழக்கு நகராது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வழக்கு நகரும்; ஒருதலைத் தீர்ப்பாக முடியும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று வாய்தாவுக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100. ஜீவனாம்சத்துக்குப் பயந்து வேலையை விடும் கணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். ஜீவனாம்சமும் மனு போட்ட நாளிலிருந்தே கணக்காகும். இழுத்தடித்தால் நிலுவைதான் ஏறும்.

குழந்தை விஷயத்தில்தான் மனம் அதிகம் நோகிறது. பெற்றோரைக் குழந்தை சந்திக்கும் அறையில் ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். இரண்டு மணி நேரமும் பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அப்பா பால்கோவா வாங்கி வந்திருந்தார். ஒரு விள்ளல் எடுத்தான், வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தான், அப்படியே வைத்துவிட்டான்.

அந்தப் பையனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேசிய பேச்சு போதுமானதாக இருந்தது. நீதிமன்றம் பார்ப்பது தாயின் உரிமையையோ தந்தையின் உரிமையையோ அல்ல, குழந்தையின் நலனை. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்காகத் தந்தையைப் பார்க்கவிடாமல் தடுக்க முடியாது. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார். சொல்லிக்கொடுத்த பதிலை நீதிபதிகள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். பள்ளி வாசலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் அங்கே வழக்குப் போடுவதும் பலிக்காது. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். நீதிமன்றம் குறித்த சந்திப்பு நாளைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தால், குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் உத்தரவே பின்னாளில் மாறலாம்.

சண்டையின் உச்சத்தில் சிலர் "இது என் பிள்ளையே இல்லை" என்று மனுவில் எழுதச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திருமணம் நீடிக்கும்போதோ, முறிந்து 280 நாள்களுக்குள் தாய் மறுமணம் செய்யாதிருக்கும்போதோ பிறந்த குழந்தை அந்தக் கணவருடையது என்றே சட்டம் கொள்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அதை அசைக்க முடியும். தந்தை யார் என்று அறியும் ரத்தப் பரிசோதனைக்குக் கேட்டவுடன் உத்தரவு தர முடியாது என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவியின் நடத்தையை நிரூபிக்கக் குழந்தையின் ரத்தத்தைக் கருவியாக்கக் கூடாது என்பதை 2023இல் மேலும் வலியுறுத்தியது. திருமணமாகாத தாய்மார்கள் செய்யும் தவறு வேறு: தந்தை பெயர் இல்லாமல் எதுவும் நடக்காது என்று ஒதுங்கிவிடுவது. தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலேயே அவர்கள் காப்பாளர் உரிமை கோரலாம் என்பது 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்தத் தந்தையிடமிருந்து குழந்தைக்கு ஜீவனாம்சமும் கேட்கலாம்.

தத்தெடுப்பில் நல்ல மனம் படைத்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறந்த குழந்தையை நேரடியாக வாங்கிக்கொண்டு, பிறப்புச் சான்றிதழிலேயே தங்கள் பெயரைப் பெற்றோராக எழுதிக்கொள்வது குற்றம். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. உறவில்லாத குழந்தைக்குச் சரியான வழி, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்து காத்திருப்பது. வரிசை நீளம்தான், ஆனால் பெற்ற தாய் மனம் மாற அறுபது நாள் அவகாசம் தந்து, பிறகே குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிப்பார்கள். இப்போது இறுதி ஆணை தருபவர் மாவட்ட ஆட்சியர்.

அண்ணன் பிள்ளையை எடுத்து வளர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். இருபது ஆண்டு சோறு போட்டு வளர்த்தாலும் வளர்ப்புப் பிள்ளை சட்டப்படி தத்துப்பிள்ளை ஆகிவிடாது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி, பெற்றவர்கள் கொடுத்து வளர்ப்பவர்கள் வாங்கியிருக்க வேண்டும். மனைவியின் சம்மதம் வேண்டும். குழந்தைக்குப் பொதுவாகப் பதினைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. இவை சரியாக இருந்தால், இரு தரப்பும் கையெழுத்திட்ட தத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பிற்பாடு சித்தப்பாவோ மாமனோ சொத்துக்காக வழக்குப் போட்டால், தத்து செல்லாது என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழும்.