பேரூராட்சிப் பணியாளர்களை ஓர் அணியாக்குவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்கும் செயல் அலுவலருக்கு

பேரூராட்சி ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்கும் செயல் அலுவலர், முதல் நாளன்று தம் மேசைக்கு எதிரே வந்து நிற்கும் தலைமை எழுத்தர், இளநிலை உதவியாளர், வரித்தண்டலர், கணினி இயக்குபவர் ஆகிய நாலைந்து பேரையே தம் அணி என்று எண்ணிவிடுவதுண்டு. ஊரார் அலுவலகத்தை எடைபோடுவதோ, காலை ஆறு மணிக்கு மஸ்டரில் (பெயர் வாசித்து வருகை எடுக்கும் இடத்தில்) கூடும் தூய்மைப் பணியாளர்களையும், வால்வு திறக்கும் குடிநீர்ப் பணியாளரையும், தெருவிளக்கு மாற்றும் மின்பணியாளரையும் வைத்துத்தான். எனவே முதல் வாரத்தில் மூன்று நாட்களாவது மஸ்டருக்கு நேரில் செல்லுங்கள். வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்க வேண்டாம். மேற்பார்வையாளர் பெயர் வாசிப்பதை ஓரமாக நின்று கேட்டாலே போதும். யாரை எந்தத் தொனியில் அழைக்கிறார், ஒருவர் வராதபோது அவருடைய தெரு யார் தலையில் விழுகிறது, எத்தனை தள்ளுவண்டிகளுக்குச் சக்கரம் சரியாக உருள்கிறது என்பன பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. ஆனால் ‘ஏய்’ என்ற விளி பல மஸ்டர்களில் இன்னும் மாறவில்லை. அதை மாற்ற ஆணை எதுவும் தேவையில்லை. நீங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ‘வாங்க’ என்று அழைக்கத் தொடங்கினால், மேற்பார்வையாளரும் இரண்டு வாரத்தில் அப்படியே அழைப்பார்.

அடுத்து அலமாரியைத் திறவுங்கள். நன்றாக உழைப்பவருக்கு ஊக்கத்தொகை தரவோ, நினைத்தபோது பதவி உயர்வு தரவோ நமக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் ஊழியரின் பணிப் பதிவேடு நம்மிடம் இருக்கிறது. அதில் பதியாமல் விட்ட ஆண்டு ஊதிய உயர்வு, கணக்கில் சேராத ஈட்டிய விடுப்பு, நிலுவையில் கிடக்கும் வைப்புநிதி முன்பணக் கோரிக்கை ஆகியவற்றை ஒரே தாளில் பட்டியலிடச் செய்து, ஒரு மாதத்துக்குள் முடியக்கூடியவற்றை முடித்துவிடுங்கள். என் அனுபவத்தில், எந்தப் பயிற்சி வகுப்பும் எந்தப் பாராட்டுச் சான்றிதழும் இந்த ஒரு தாள் செய்ததைச் செய்ததில்லை. தன் கோப்பே நகராத அலுவலகத்தில், மக்களின் மனுவை நகர்த்தும் அக்கறை ஊழியருக்கு எங்கிருந்து வரும்?

ஒப்பந்ததாரர் வழியாகவோ சுய உதவிக் குழு வழியாகவோ வந்து வேலை செய்பவர்கள் இப்போது பல ஊர்களில் நிரந்தரப் பணியாளர்களைவிட அதிகம். ஒரே தெருவை ஒரே துடைப்பத்தால் கூட்டும் இருவருள், ஒருவருக்குக் கையுறையும் மழைச்சட்டையும் உண்டு, மற்றவருக்கு இல்லை என்றால் அங்கே அணி உருவாகாது. ஒப்பந்ததாரரின் மாதப் பட்டியலில் கையொப்பமிடும் முன், தொழிலாளரின் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடித்த வைப்புநிதித் (பி.எஃப்.) தொகை உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதைச் சலானில் மட்டும் பார்க்காமல், இரண்டு மூன்று பேரின் கைப்பேசியிலேயே பார்த்துவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஆள்நுழைவுக் குழிக்குள்ளோ ‘ஒரு நிமிடம் இறங்கிப் பாரப்பா’ என்று எவரும், எந்த அவசரத்திலும் சொல்லக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிட வேண்டும்; பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதே ஆண்டின் மற்றொரு சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஒப்பந்தப் பெண் பணியாளர்களுக்கும் உரியது என்பதை அவர்களிடமே சொல்லுங்கள்.

அனுபவம் மிக்கவரின் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவை எப்படிப் பொதுவாக்குவது என்பது இதைவிடக் கடினமான வேலை. நான் பணிபுரிந்த ஓர் ஊரில், குடிநீர்ப் பணியாளர் தம் மகள் திருமணத்துக்காக ஐந்து நாள் விடுப்பில் சென்றார். மூன்றாம் நாள் மேட்டுத்தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு அலுவலக வாசலில் நின்றார்கள். தொட்டியில் நீர் இருந்தது, மின்சாரமும் இருந்தது. பள்ளத்தெரு வால்வை ஏழு சுற்றுக்கு மேல் திறந்தால் மேட்டுக்கு ஏறாது என்ற செய்திதான் எவருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பியதும், ‘எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்’ என்றேன். ‘எழுதிக் குடுத்துட்டா அப்புறம் என்னை யாரு சார் தேடுவாங்க?’ என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முப்பது ஆண்டுகளாக அந்த வால்வு சாவிதான் அவருக்கு ஊரில் மதிப்பைத் தந்தது. ஆகவே வற்புறுத்தாமல், இளைஞர் ஒருவரை அவரிடமே ஒப்படைத்து, இருவரையும் ஒவ்வொரு வால்வாக நடக்கவிட்டு, தெரு, வால்வின் இடம், சுற்று எண்ணிக்கை, திறக்கும் நேரம் என வரைபடம் ஒன்றைத் தயாரித்தோம். வரைபடத்தின் கீழே ‘தயாரித்தவர்’ என்று அவர் பெயரை எழுதி அலுவலகச் சுவரில் மாட்டினோம். அதன்பின் வருகிறவர்களுக்கெல்லாம் அவரே அதை விளக்கிக் காட்டினார்.

அணியைக் குலைக்கும் இன்னொன்று, ஒரே ஆளுக்குப் பல வாய்களிலிருந்து வரும் ஆணைகள். வார்டு உறுப்பினர் ஒருவர் தூய்மைப் பணியாளரைத் தெருவில் நிறுத்தி, ‘முதலில் எங்கள் சந்துச் சாக்கடையை எடு’ என்றால், அவர் கேட்டாலும் தவறு, மறுத்தாலும் தவறு. ‘உறுப்பினர் சொன்னால் கேட்காதீர்கள்’ என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்குவது கோழைத்தனம். அந்த மறுப்பைச் சொல்ல வேண்டியவர் நாம். முதலில் பேரூராட்சித் தலைவரிடம் தனியாகப் பேசி அவர் இசைவைப் பெறுங்கள். பின்னர் மன்றக் கூட்டத்தில், உறுப்பினர்கள் சொல்லும் குறைகள் அனைத்தும் ஒரே பதிவேட்டில் ஏறும், மேற்பார்வையாளர் மட்டுமே ஆள் அனுப்புவார், என்ன நடந்தது என்ற விடை மறுநாளே உறுப்பினருக்கு வந்து சேரும் என்று அறிவியுங்கள். விடை போகாவிட்டால் ஏற்பாடு ஒரு வாரத்தில் சரிந்துவிடும். மக்களின் வாக்கைப் பெற்று வந்தவருக்குத் தம் தெருவில் சொல்ல ஒரு விடை வேண்டும்.

வாரக் கூட்டத்தை அரை மணிக்குள் முடியுங்கள். அதில் எல்லாப் பிரிவினரும் இருக்க வேண்டும் என்பதற்கு வரி வசூலே சான்று. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள் அல்லது அக்டோபர் 31க்குள், சொத்து வரி செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கச் சலுகை உண்டு. வரித்தண்டலர் வீடு வீடாக ஏறுவது அந்த நாட்களில்தான். ‘விளக்கு எரிந்து ஒரு மாதம் ஆயிற்று, வரிக்கு மட்டும் வந்துவிட்டீர்களா’ என்ற பேச்சை வாங்குபவர் அவர். அந்தத் தெருவின் பெயர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மின்பணியாளர் காதில் விழுந்து, புதன்கிழமை விளக்கு எரிந்தால், வெள்ளிக்கிழமை வரித்தண்டலர் அதே வீட்டுக்கு நிமிர்ந்து போகலாம்.

தவறு செய்தவரை மஸ்டரில் பலர் முன் திட்டாதீர்கள். முதல் முறை அறைக்குள் அழைத்துப் பேசுங்கள். இரண்டாம் முறை விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுங்கள். கொடுத்தால் அதைப் பாதியில் விட்டுவிடாமல் முடிவெடுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்ட வருபவருக்கு மட்டும் இந்தப் படிகள் பொருந்தா. அன்றே சாவியை வாங்கிவிட வேண்டும்.

மாறுதல் ஆணை எப்போது வேண்டுமானாலும் வரும். பொறுப்பு ஒப்படைப்பின்போது காசோலைப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, தணிக்கைத் தடைகளின் (தணிக்கையில் எழுப்பப்பட்ட ஆட்சேபங்களின்) பட்டியல் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுப்போம். அவற்றோடு, இன்னும் முடியாத ஊதிய உயர்வுகளின் பட்டியலையும் அடுத்து வருபவரின் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.