ராம்நாடு கடலோரத்துல இருந்து ஃபுட்பால் டிஃபெண்டர் (கோல் விழாம தடுக்குறவன்) ஆகணும்னா

மண்டபம், தொண்டி பக்கத்து பசங்களுக்கு மணல்ல ஓடி ஓடி கால்ல வலு இருக்கும், ஆனா புல்லுல பந்து வேற மாதிரி துள்ளும், அதனால வாரத்துல ரெண்டு நாளாச்சும் ராமநாதபுரம் போய் நல்ல கிரவுண்டுல ஆடிப்பாருங்க தம்பிகளா.

டிஃபெண்டர்னா சறுக்கி விழுந்து பந்தப் பறிக்கிற டேக்கிள் போடுறவன்னு நினைக்காதீங்க, அது கடைசி வழி. எதிரணில கோல் போட வர்ற ஃபார்வேர்டு பந்தோட வர்றப்போ நேரா நிக்காம ஒருக்களிச்சு நில்லுங்க, அவன் காலப் பாக்காம பந்தப் பாருங்க, அவசரப்படாம பின்னாடி நகர்ந்துகிட்டே அவன கிரவுண்டு ஓரக் கோட்டுப் பக்கமா தள்ளிட்டுப் போங்க, அவன் பந்த கொஞ்சம் நீளமா தட்டுற நேரம்தான் உங்க நேரம். நீங்க இடதுகால்காரனா இருந்தா உங்களுக்கு எப்பவும் டிமாண்டுதான்.

ஸ்கூல் படிக்கிறப்பவே எஸ்டிஏடி (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) விளையாட்டு விடுதி செலக்ஷனுக்குப் போங்க, பிறப்பு சர்டிபிகேட் பக்காவா இருக்கணும், வயசக் குறைச்சுக் காட்டுற வேலையே வேணாம். அப்புறம் சென்னை லீக், மாநில அணிகள் மோதுற சந்தோஷ் டிராபி, தேசிய அளவு கிளப் போட்டியான ஐஎஸ்எல்னு ஏறலாம்.

கிளப் கான்ட்ராக்ட் நீட்டுனா அப்பா அம்மாவோட உக்காந்து படிங்க, 18 வயசுக்குள்ள இருந்தா 3 வருஷத்துக்கு மேல போடக்கூடாதுன்னு ஃபிஃபா (உலக ஃபுட்பால் அமைப்பு) விதியே இருக்கு. காயம் பட்டா வைத்தியச்செலவு யாருதுன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்ருங்க.