ரேங்க் இல்லாத ரேங்க் கார்டை எப்படிப் படிப்பது?

"பையன் எத்தனாவது ரேங்க்?" என்று டீச்சரிடம் கேட்காதீங்க, நம்ம அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அந்தக் கேள்வியே இப்போது பொருந்தாது. 2012-13இல் முப்பருவ முறை வந்தபோதே மதிப்பெண் இரண்டாகப் பிரிந்துவிட்டது: வகுப்பில் செய்யும் செயல்பாடு, சின்னத் தேர்வுகளுக்கு வளரறி மதிப்பீடு 40, பருவக் கடைசிப் பரீட்சைக்குத் தொகுத்தறி மதிப்பீடு 60. மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் ஒன்றும் புரியாது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்க. நாற்பதில் நன்றாக வாங்கி அறுபதில் சறுக்கினால் பாடம் தெரிகிறது, எழுதத்தான் திணறுகிறான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அரும்பு, மொட்டு, மலர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் வர வைக்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வந்த கற்றல் நிலைகள் இவை; முதல் மூன்று வகுப்புகளின் நிலையை வரிசையாகக் குறிக்கும். மூன்றாவது படிக்கும் பிள்ளை 'அரும்பு' என்றால் அடிக்க வேண்டாம் சாமி, தமிழிலா கணக்கிலா, எந்தத் திறனில் என்று கேளுங்க. பனியன் கம்பெனி ஷிப்டால் பள்ளிக்குப் போய்க் கேட்க முடியாதவர்கள் ஆத்தாவையோ அப்பாருவையோ (பாட்டி, தாத்தா) அனுப்பலாம். வீட்டிலும் பார்க்கலாம்: ஈரோட்டு பஸ் போர்டைப் படிக்கச் சொல்லுங்க, சந்தையில் தக்காளிக்குச் சில்லறை எண்ணி வாங்கச் சொல்லுங்க.