குரோட்டன்ஸ்னு நெனச்சு வெயில்ல வச்ச கோலியஸ்

எங்க வீட்ல இலை கலர் கலரா இருந்தா போதும், அம்மா அதுக்கு குரோட்டன்ஸ்னு பேர் வச்சிருவாங்க. அப்படித்தான் நர்சரில வாங்கின தொட்டியையும் நல்ல வெயில்ல கொண்டு போய் மொட்டைமாடில வச்சேன், ஏன்னா குரோட்டன்ஸுக்கு வெயில் பட்டாத்தான் கலர் ஏறும். பத்து நாள்ல செவப்பு வெளுத்து, மத்தியானம் ஆனா இலையெல்லாம் துவண்டு தொங்க ஆரம்பிச்சிருச்சு.

சரி பேர கண்டுபிடிப்போம்னு கூகுள் லென்ஸ்ல காட்டினா ஒருவாட்டி பிகோனியாங்குது, இன்னொருவாட்டி கலாடியம்ங்குது. தப்பு என் போட்டோ மேலதான், உச்சி வெயில்ல எடுத்ததுல செவப்பு மொத்தமா ஒரே திட்டா விழுந்து நரம்பும் தெரியல, ஓரத்து பச்சைக் கோடும் தெரியல.

மறுநாள் காலைல ஏழு மணிக்கு நிழல்ல வச்சு, ஸ்க்ரீன்ல இலைய தொட்டு வெளிச்சத்த கொஞ்சம் கொறச்சு எடுத்தேன். அப்புறம் இலைய மட்டும் எடுக்காம தண்டு, இலையோட அடிப்பக்கம், இலை தண்டுல சேர்ற எடம்னு தனித்தனியா க்ளோசப். அப்பதான் கவனிச்சேன், இலைங்க ஜோடி ஜோடியா எதிரெதிரா இருக்கு, தண்ட விரல்ல உருட்டினா உருளல, நாலு பட்டை! குரோட்டன்ஸ் தண்டு கட்டை மாதிரி உருண்டையா இருக்கும், இலையும் மாறி மாறித்தான் வரும். இது கோலியஸ், துளசி, புதினா குடும்பம்.

இப்ப காலை வெயில் மட்டும் படுற ஜன்னலோரம் வச்சிருக்கேன், புது இலை அடர் செவப்பா வருது. அம்மாவுக்கு இன்னும் அது குரோட்டன்ஸ்தான்.